பித்தக் குழாயோடு பாளையங்கோட்டைக்கு

நேற்று, செவ்வாய்க்கிழமை, அம்மாவை அழைத்துக்கொண்டு அப்பாவும் நானும் சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்தோம். அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பித்தநீர் இறங்கும் வழியில் ஒரு கல் தங்கிவிட்டதால், வலது விலாவுக்குக் கீழே ரப்பர் குழாய் வைத்து, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். திங்கள் மாலை ஆறு மணிக்கு அம்மாவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாகிவிட்டது. குழாயோடு பயணம் போகிறவர்களுக்கு உதவும் என்று ஆஸ்பத்திரி வராந்தா விளக்கடியில் இதை எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது.

காலை 5.40க்குப் பஸ். தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலி சுமார் ஐம்பத்தாறு கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். ஆளுக்கு நாலு ரூபாய். பின்சீட்டு வேண்டாம், தூக்கிப் போடும். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கண்டக்டர் பாட்டிலைப் பார்த்துவிட்டார். "அண்ணாச்சி, காலி பாட்டிலோட எங்க கெளம்பிட்டிய? மண்ணெண்ணெய்க்கா?"

"பித்தம் வடியுத பாட்டில்வே. ரெண்டு நாளா தானா நின்னுட்டு. உள்ள ஆறிட்டு வருதுன்னு நெனைக்கேன்."

அப்பா இதைச் சந்தோஷமாகச் சொன்னார். அது தானாக நிற்கவில்லை. குழாயைக் கட்டியது நான்.

ஞாயிறு எங்கள் கிறிஸ்தவக் கோவிலில் ராப்போஜன ஆராதனை, அப்பமும் ரசமும் வாங்க முழங்காலிட வேண்டும். "பித்தத்தத் தூக்கிட்டு கர்த்தரோட பந்தியில எப்பிடிட்டி முழங்கால் போடுவேன்? மடிச்சுக் கட்டு. அப்பாட்ட சொல்லிராத" என்றாள் அம்மா. குழாயை இரண்டாக மடித்து, பூ கட்டும் நூலால் இறுக்கி, சேலைக்குள் சொருகினேன். திரும்பி வந்ததும் அவிழ்க்கப் போனேன். "சேல நனையாம இருக்கு, ஒரு நாள் கெடக்கட்டும்" என்றாள். காய்ச்சல் வந்த பிறகோ அப்பா கட்டிலை விட்டு நகரவில்லை. "அப்பா இருக்காவ, பெறவு" என்று அம்மா கண்ணாலேயே தடுத்தாள்.

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் ஆற்றுப் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டை. முப்பத்தைந்து பைசா. பிறகு ஆறு நிமிட நடை. அம்மாவுக்குப் பதினைந்து ஆனது. ஓ.பி. சீட்டுப் போட்டு, டாக்டர் பார்க்கும்போது மணி 9.20.

"பித்தம் தானா நின்னுட்டு சார்" என்றார் அப்பா.

"அங்க கல் இருக்கு. தானா எப்படி நிக்கும்?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் கட்டுனேன்" என்றேன்.

"ஏட்டி!" அப்பா எழுந்துவிட்டார். டாக்டர் அவரைக் கையமர்த்தினார்.

"எப்பம் கட்டுன?"

"ஞாயித்துக்கிழமை காலைல ஏழேகாலுக்கு."

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் நேரத்தை எழுதிக்கொண்டார். நர்ஸ் நூலை வெட்டியதும் பித்தநீர் பாட்டிலில் பாய்ந்தது. இத்தனை நாள் மஞ்சளாக இருந்தது, நேற்றோ கரும்பச்சை. பயத்தை மறந்து குனிந்து பார்த்தேன். "ஒரு நாளைக்கு எவ்வளவு சார் சுரக்கும்?"

"அரை லிட்டருக்கு மேல." சீட்டின் பின்பக்கம் ஈரலையும் குழாயையும் வரைந்து காட்டினார். "கீழ்வாசல கல்லு அடைச்சிருக்கு. மேல்வாசல நீ அடைச்சிட்ட. அது எங்க போவும்? ரத்தத்துக்குத்தான் திரும்பும். அதான் கண்ணு மஞ்சள்."

அம்மாவை வார்டில் சேர்த்துவிட்டார்கள். இன்று மாலை காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கல்லுக்காக இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா என்பது நாளைக்குத் தெரியும். அப்பா என்னோடு இன்னும் பேசவில்லை. ஆனால் பித்தநீர் அளக்கும் குவளையை என் கையில்தான் கொடுத்தார்.

வருகிறவர்கள் மாற்றுச் சேலை, பழந்துணி, குடிதண்ணீர் கொண்டுவாருங்கள். பஸ்ஸில் பாட்டிலை இடுப்புக்குக் கீழேயே வையுங்கள். எக்காரணத்துக்கும் குழாயைக் கட்டாதீர்கள். கட்டிவிட்டால், கட்டிய நேரத்தோடு உடனே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் வந்த திங்கள் ஆறு மணியிலிருந்து செவ்வாய் 9.20 வரை நான் சொல்லாமல் வைத்திருந்தது பதினைந்து மணி இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் பயந்தது நான், நடுங்கியது அம்மா.