யாத்திரை சொல்லப் போகாத இரண்டு நாள்

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய் யாத்திரை சொல்லி விடைபெற வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் அந்த வீட்டார் ஆயுசுக்கும் முகம் கொடுக்க மாட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவிக்கு சவுதியில் நர்ஸ் வேலை கிடைத்தது. உதியன்குளங்கரையிலிருந்து திருப்புறம் வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். போன இடமெல்லாம் சாயா, மிக்சர், ஒரு ஜெபம். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. போனால் இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவாள். அவளோடு உட்கார்ந்து பேச ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் கல்யாண ஓட்டங்களுக்கு ஒரு வேன் வைத்திருந்தார். அதை இரவல் வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பலகை போட்டு மெத்தை விரித்தேன். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் இரண்டு பாத்திரமும் ஏற்றியதும் வேன் வீடாகிவிட்டது.

"ரெண்டு நாள் காட்டுப் பக்கம் போயிட்டு வாறோம்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னும் ஏழு வீடு பாக்கி உண்டு மக்கா."

காது கேளாதவன் போல வண்டியை எடுத்தேன்.

ஆனால் பழகிய புத்தி எங்கே போகும்? பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். பாலோடு என்ற ஊரைத் தாண்டிக் காடு தொடங்கியதிலிருந்து ஒரே ஓட்டம்தான். ஓர் அருவி, பத்து நிமிடம், "சரி, ஏறு." ஒரு மலைச்சரிவு, பத்து நிமிடம், "சரி, ஏறு." மூன்றாவதாக ஓர் ஓடைக்கரையில் நிறுத்தினேன். அங்கே அவள் ஏறவில்லை. பாறையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள்.

"காட்டுக்கும் யாத்திரை சொல்லவா வந்தோம்?"

சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் கோபம் வருகிற ஆள் நான்.

"இன்னும் நாலு இடம் கெடக்கு" என்றேன்.

"அது அங்கயே கெடக்கட்டும். நான் இங்க சோறு வைக்கப் போறேன்."

வைத்தது சிவப்புச் சம்பா அரிசி. அந்த அடுப்பில் அது வேக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காற்றுக் குறையாத டயரை உதைத்துப் பார்த்தேன். வாட்சைப் பார்த்தேன்.

"இஞ்ச வந்து இருங்க" என்றாள். "எனக்கு அருவியும் வேண்டாம் மலையும் வேண்டாம். உங்களப் பாக்கணும், அதுக்காக்கும் வந்தது."

போய் உட்கார்ந்தேன். தாள் சட்டைப்பையிலேயே கிடந்தது. அந்த ஓடையை விட்டு இரண்டு நாளும் நாங்கள் நகரவில்லை. துணி துவைத்தோம், கஞ்சி குடித்தோம், பகலில் தூங்கினோம். எங்கேயோ ஒரு பறவை விசிலடித்துக்கொண்டே இருந்தது, அதற்கு நாங்களும் அடித்துப் பார்த்தோம். இரண்டாம் நாள் தண்ணீரில் காலை வைத்தபடி அவள் கேட்டாள்: "அங்க போய் எனக்குப் பேடி வந்தா நான் ஆரைக் கூப்பிட?" தைரியசாலி என்று ஊரெல்லாம் பெயரெடுத்தவள். எனக்கும் பயம்தான் என்று சொன்னேன். எட்டு மாதத்தில் நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

திரும்பும்போது மாட்டு வண்டிக்கும் வழிவிட்டு உருட்டினேன். பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹார்ன் அடித்துத் திட்டினார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், நெய்யாற்றின்கரை நெருங்கியதும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"இனி கொஞ்சம் வேகமாப் போங்க. இப்பிடிப் பைய போனா எனக்குப் போக மனசு வராது."

ஆக்சிலேட்டரை மிதித்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.