அண்ணன் வண்டிக்குப் பை வாங்கிய கதை

அண்ணன் வாங்கிய மோட்டார் சைக்கிளை முதன்முதலில் பார்த்தபோது, "இத ஓட்டப் போறியா, தள்ளிக்கிட்டுப் போகப் போறியா?" என்று கேட்டேன். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன வண்டி. ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்ததாம். டாங்கியில் பெயின்ட் உரிந்து கிடந்தது, சீட்டிலிருந்து ஸ்பிரிங் எட்டிப் பார்த்தது. உதைத்து உதைத்து அதைக் கிளப்புவதற்குள் அண்ணனின் சட்டை நனைந்துவிடும். கிளம்பிவிட்டாலோ எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்கக் கேட்கும்.

சுதந்திரம் வர இன்னும் சில வருஷம் இருந்த காலம் அது. அண்ணன் பண்டார் ஹிலிரில் ஒரு ஆபீசில் பியூனாக இருந்தான். வேலைக்குப் போய்வர அவனுடைய சைக்கிளே போதும். மோட்டார் சைக்கிள் வாங்கியது அக்காவுக்காக.

அக்காவைக் கட்டிக்கொடுத்த எஸ்டேட் ரொம்ப உள்ளே இருந்தது. பஸ் பெரிய ரோட்டோடு நின்றுவிடும். அதற்குமேல் ரப்பர் பால் வெட்டும் கித்தா மரங்களுக்கு நடுவே செம்மண் பாதைதான். காட்டில் கம்யூனிஸ்ட்காரர்கள் இருந்ததால் அதில் நடந்துபோக யாருக்கும் துணிச்சல் கிடையாது. தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாசமே அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். அந்த மாசம் பார்த்து அந்தப் பக்கம் துப்பாக்கிச் சண்டை நடந்து பாதையை மூடிவிட்டார்கள். அக்கா எஸ்டேட் லயத்து வீட்டிலேயே பெற்றாள். குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சலும் விடவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. எஸ்டேட் லோரி ஓட்டுபவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "எத குடுத்தாலும் மொகத்த திருப்பிக்குது. அம்மா ஆக்குன சோறு வேணுமாம், அம்மா வீட்டுல வந்து படுக்கணுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். லோரியில் ஆள் ஏற்ற எஸ்டேட் துரை விடமாட்டாராம். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

முதல் தடவை அண்ணன் போனபோது சாப்பாட்டுத் தூக்கையும் துணி மூட்டையையும் பின் சீட்டில் வைத்து, பழைய சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனான். செம்மண் பள்ளத்தில் வண்டி குதித்துக் குதித்துப் போனதில் ரசம் முழுக்கத் துணி மூட்டையில் இறங்கிவிட்டது. மிச்சமிருந்த இரண்டு இட்லியை அக்கா மெல்ல மென்று தின்றாளாம். அத்தனை நாளில் அவள் சாப்பிட்டது அதுதான் என்று அவள் புருஷன் சொன்னாராம். "அடுத்த வாட்டி என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுண்ணே" என்று அக்கா கேட்டிருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஆக, பின் சீட்டு அக்காவுக்கு. சாமான்கள் வேறெங்காவது போக வேண்டும். அண்ணன் பை தேட ஆரம்பித்தது அப்படித்தான்.

பெண் பார்க்கப் போகிறவன்கூட அவ்வளவு அலைந்திருக்க மாட்டான். ரொட்டி விற்பவர் வண்டியில் இருப்பதுபோல் ஒரு தகரப் பெட்டி செய்யலாம் என்று நான் சொன்னேன். பெட்டி வைத்தால் அக்கா எங்கே உட்காருவாள் என்றான். காய்கறிக்காரர்கள் இரண்டு பக்கமும் தொங்கவிடும் பிரம்புக் கூடைகளைப் பார்த்தான். அகலம் அதிகம், பாதையில் மரத்தில் இடிக்கும். செருப்புத் தைக்கும் சீனர் ஒருவர் தோலில் அழகான ஜோடி ஒன்று வைத்திருந்தார். அதை வீட்டுக்கே எடுத்துவந்து காட்டினான். அம்மா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஒடம்பு முடியாதவளுக்குத் தோல் பையிலயா சோறு கொண்டுபோவ?" என்று முடித்துவிட்டாள். திருப்பிக் கொடுத்தான்.

கடைசியில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் கடையில் பச்சைக் கித்தான் துணிப் பை ஒரு ஜோடி கிடைத்தது. மூடிக்கு மேல் இரண்டு வார், உள்பக்கம் சின்னதாக ஒரு பாக்கெட். பழைய வண்டியாதலால் பை மாட்ட அதில் எந்த வசதியும் இல்லை. சும்மா தொங்கவிட்டால் சக்கரக் கம்பியில் சிக்கிக்கொள்ளும். இரும்புப் பட்டை வளைத்து இரண்டு சட்டம் செய்து பூட்டினான். வலது பக்கம் புகைக்குழாய் கொதிக்கும் என்பதால் அந்தப் பையை மேலே தூக்கி மாட்டினான். இடது பக்கப் பையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளினான், புடவை கட்டியவள் ஒரு பக்கமாக உட்கார்ந்து காலைத் தொங்கவிட வேண்டுமே. அளவு பார்க்கத் தங்கச்சி என்னை உட்காரவைத்து, இறங்கவைத்து, மறுபடி உட்காரவைத்து உயிரை வாங்கினான். "காய்ச்சல்ல இருக்கிறவ எப்படிப் புடிச்சிக்குவா?" என்று கேட்டேன். அம்மா தன்னுடைய பழைய நூல் புடவை ஒன்றை மடித்துக் கொடுத்தாள், அக்காவை அவன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொல்லி.

இன்னொரு கவலையும் இருந்தது. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அப்போது எஸ்டேட் கேட்டில் எல்லாரையும் சோதிப்பார்கள். அரிசி, சீனி, டின் பால், கருவாடு எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு ஆள் சாப்பிடும் அளவு சமைத்த சாப்பாடு என்றால், அங்கே நிற்கும் போலீஸ் மாத்தாவின் மனசைப் பொறுத்து விடுவார்கள். "ஒத்த அரிசி இருந்தாலும் புடிச்சி உள்ள வச்சிருவாங்கம்மா" என்று அண்ணன் அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டான். அவள் அவ்வளவு முறையும் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் புறப்பட்டான். இட்லி, பூண்டுக் குழம்பு, துணி, நூல் புடவை எல்லாம் பைக்குள் அடங்கிவிட்டன. மத்தியானத்துக்குள் அக்கா வந்துவிடுவாள் என்று அம்மா சன்னலோரம் பாய் விரித்துத் தலையணைக்குப் புது உறை போட்டாள். நான் வெந்நீர் வைத்தேன். அது ஆறி, மறுபடி சுடவைத்து, அதுவும் ஆறிப்போனது. யாரும் வரவில்லை.

மறுநாள் லோரிக்காரர்தான் வந்து சொன்னார். "கேட்டுல புடிச்சிட்டாங்கம்மா. பையக் கவுத்துக் கொட்டி என்னமோ பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பறம் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க." எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணனைத் தேடி நான் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தேன். எங்கேயும் அவனைப் பார்க்க விடவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் அதே லோரிக்காரர் மறுபடியும் வந்தார். இந்த முறை அவர் வாசலில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சாவுக்கு என்பதால் துரை விட்டார், அந்த லோரியிலேயே அம்மாவும் நானும் போனோம். அக்கா அவ்வளவு சின்னதாகிவிடுவாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டேன், அழக்கூட முடியவில்லை. அக்கா புருஷன் நல்ல மனுஷர், பேசத் தெரியாதவர். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே சொன்னார்.

"அன்னைக்குக் காலையில மச்சான் வண்டி சத்தம் கேட்டுச்சுங்க அத்தை. கேட்டு வரைக்கும் வந்து நின்னு போச்சு. நாங்க வேற யாரோன்னு நெனச்சோம். அது மட்டும், அண்ணன்தான், வந்துரும்னு சொல்லுச்சு. எழுந்திரிச்சித் தல சீவிக்கிச்சு. கஞ்சி குடுத்தேன், வேணாம், அண்ணன் கொண்டாரும்னு சொல்லிருச்சு. ராத்திரி வரைக்கும் அப்படியே உக்காந்திருந்துச்சு. அப்பறம் எதுவுமே சாப்பிடல."

கேட்டுக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு திடல்தான் இருந்தது. நான் போய் நின்று பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

அண்ணனை அடுத்த வாரம் விட்டார்கள். தாடியோடு வந்து வாசலில் நின்றவனுக்கு அப்போதுதான் நாங்கள் சொன்னோம். அம்மா அவனை அழக்கூட விடவில்லை. "எதுக்குடா புடிச்சாங்க?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "லைசென்ஸ வீட்டுல மறந்து வச்சிட்டுப் போயிட்டேம்மா" என்றான். பையில் இருந்ததையெல்லாம் கேட்டிலேயே கொட்டிவிட்டார்கள் என்றான். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. லைசென்ஸ் இல்லாததற்கு யாராவது அத்தனை நாள் அடைத்துவைப்பார்களா? கொல்லைக் குழாயடியில் அவன் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, உண்மையைச் சொல்லாவிட்டால் கத்தி ஊரைக் கூட்டுவேன் என்றேன்.

மெதுவாகச் சொன்னான். பையின் உள் பாக்கெட்டில் ஒரு பிடி அரிசி இருந்ததாம். மஞ்சள் தடவி, வெள்ளைத் துணியில் முடிந்து, இரண்டு பையிலும் ஒவ்வொன்று. புதுப் பை, மகள் வீட்டுக்கு முதல் தடவை போகிறது, வெறுமையாகப் போகக் கூடாது என்று அம்மா வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் புதுக் கூடை வாங்கினாலும் பெட்டி வாங்கினாலும் அவள் செய்வதுதான். பாக்கெட்டில் கைவிட்டுப் பார்க்க அண்ணனுக்குத் தோன்றவில்லை. கேட்டில் நின்றவன் பார்த்தான். சாப்பாட்டோடு சேர்ந்து இருந்திருந்தால் திட்டி அனுப்பியிருப்பார்களாம். எதற்கு ஒளித்து வைத்தாய், யாருக்குக் கொண்டு போகிறாய் என்று அதையே மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

"அம்மா வச்சதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வீட்டுக்கு வந்து அம்மாவப் புடிச்சிக்கிட்டுப் போவாங்க. நான்தான் வச்சேன்னு சொல்லிட்டேன்."

"ஒத்த அரிசி கூடாதுன்னு அத்தன வாட்டி சொன்னியேண்ணே."

"அம்மா அதை அரிசின்னே நெனச்சிருக்காது, புள்ள" என்றான். பிறகு என் கையிலிருந்த சொம்பைப் பிடித்துக்கொண்டு, "இது அம்மா காதுக்குப் போகக் கூடாது. தெரிஞ்சா அது உயிரோட இருக்காது" என்றான். எனக்கு அம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் அவன் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

பதினாறாம் நாள் அம்மா எங்கள் வீட்டிலும் படையல் போட்டாள். அக்கா புருஷன் வந்திருந்தார். அக்கம்பக்கத்தாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் இலை போட்டுக்கொண்டு வந்தான், நான் பின்னால் சோற்றுச் சட்டியோடு வந்தேன். மருமகனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மா திடீரென்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒரு காகிதத்தச் சட்டப் பையில எடுத்து வைக்கத் துப்பில்லாத புள்ளையப் பெத்தேன் தம்பி. அதனாலதான் எம் பொண்ணு பட்டினியாப் போயிட்டா."

சட்டியைக் கீழே வைத்துவிட்டேன். சொல்லிவிடுவது என்றே வாயைத் திறந்தேன். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவின் பக்கத்தில் குனிந்து அவளுக்கும் ஒரு இலை போட்டான். "ஆமாம்மா. நான்தான் மறந்துட்டேன்" என்றான். என்னிடம், "எல்லாரும் உக்காந்திருக்காங்க, நீ சோத்தப் போடு" என்றான்.

நான் போட்டேன். அம்மா அதற்குப் பிறகு நிறைய வருஷம் இருந்தாள். அண்ணன் கலக்கிய தேத்தண்ணியைக்கூட அவன் கையிலிருந்து வாங்க மாட்டாள், நான் நீட்டினால்தான் குடிப்பாள். அவன் தினமும் கலக்கிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான்.