என் மகள் முதல் வணக்கம் சொன்னது என் எதிரிக்கு

நான் அம்மனிடம் வரம் கேட்டுப் போனவள் இல்லை. ஒருத்தியின் வாயை அடைக்கச் சொல்லிப் போனவள். வெட்கப்படாமல் சொல்கிறேன், கேளுங்கள்.

மாத்தளைக்கு மேலே எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். யுத்தம் இன்னும் ஓயவில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போன என் வீட்டுக்காரர், பஸ்ஸில் வெடித்த குண்டில் செத்தார். பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. அன்று என் நெற்றிப் பொட்டை அழித்தவள் முத்துலெட்சுமி. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு அவள்தான் ஆயா. தோல் எரியத் தேய்த்து அழித்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

என் மகள் கௌரிக்கு அப்போது நாலு வயது. பேச்சு வரும், ஆனால் ஆளோடு பேசமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். மற்றப் பிள்ளைகள் சத்தம் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுற்றுவாள்.

ஒருநாள் மழை பிடித்ததால் வேலையைச் சீக்கிரம் விட்டார்கள். பிள்ளையைக் கூட்டிவரப் போனேன். தொட்டில் கட்டும் தூணில் என் பிள்ளையைப் பழைய சேலைக் கிழிசலால் கட்டிவைத்திருந்தாள் அந்தப் பாவி. மணிக்கட்டெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது.

"பேய்ப் புள்ளைய வேற எப்புடி வச்சிருக்கிறது? அப்பனத் தின்னது, இனி யாரத் திங்கப் போவுதோ!" என்றாள்.

கட்டை அவிழ்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதோடு விட்டாளா? தோட்டத்து மக்களின் நலம் பார்க்கும் வெல்பெயார் ஐயாவிடம் போய், இந்தப் பிள்ளை இருந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று ஓதிவிட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டார். "இனிப் புள்ளைக்காம்பராவுல சேக்க ஏலாது. திருவிழா வரைக்கும் பாப்போம். இப்புடியே இருந்தா கண்டியில ஒரு அநாத மடத்துல விட்டுறலாம்" என்றார்.

இருந்த ஒரே உறவையும் என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கம் ஒருத்தர் நாசமாகப் போகவேண்டுமென்றால் காளியம்மன் கல்லில் தேங்காய் அடிப்போம். வெள்ளிக்கிழமை தவறாமல் அடித்தேன். "தாயே, அவ வாய அடைச்சிரு. ஊருக்கு முன்னால ஒரு வார்த்த வராம நிக்கணும். அத என் கண்ணால பாக்கணும்" என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

பிள்ளையைத் தேயிலை மலைக்கே கூட்டிப்போய், பக்கத்தில் உட்காரவைத்துக் கொழுந்து பறித்தேன். கங்காணி ஏசாத நாளில்லை. பிறகு மாத்தளையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு கிளினிக் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். பஸ்ஸை நிறுத்தி ஆமிக்காரர் சோதிக்கும்போதெல்லாம் கௌரி அலறுவாள். அலற அலறக் கூட்டிப்போனேன்.

அங்கே பேச்சுப் பழக்கும் மிஸ் ஒரு சிங்களப் பிள்ளை. "இது பேயில்ல அம்மா, ஓட்டிசம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவரைக் கும்பிடலாம். அவரிடம் முழங்கால் உயரத்தில் ஒரு ரோபோ பொம்மை இருந்தது. ஜப்பானிலிருந்து அவருடைய அண்ணன் கொண்டுவந்ததாம். மனுஷ முகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், அதுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பயம். பொம்மை முகம் மாறாது, கோபிக்காது என்று விளங்கப்படுத்தினார். மிஸ்ஸுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதனால் என் குரலைப் பதிந்து அதற்குள் போட்டார்.

மிஸ் கைக்குள் மறைத்து வைத்திருக்கும் பொத்தானை அமுக்குவார். பொம்மை கையைத் தூக்கி, "வணக்கம். நான் பொம்மி. ஒங்க பேரு என்ன?" என்று கேட்கும். கேட்டு முடிந்ததும் அதன் நெற்றியில் சிவப்பு லைட் எரியும். எரிந்தால் நம் முறை. பதில் சொன்னால் "சந்தோசம்" என்னும்.

கௌரி பல கிழமை அந்த லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கையைத் தூக்கினாள். "வணக்கம். நான் கௌரி" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான். நான் கையைத் தூக்கி, "வணக்கம் கௌரி" என்று தொண்டை வற்றக் கத்துவேன். திரும்பமாட்டாள். என் குரல்தானே அந்தப் பொம்மைக்குள்ளும் இருக்கிறது! அதற்குப் பதில் சொல்கிறாள், பெற்றவளுக்குச் சொல்லமாட்டேன் என்கிறாள். பொம்மை மேலும் கோபம், அம்மன் மேலும் கோபம். தேங்காயை இன்னும் ஓங்கி அடித்தேன்.

திருவிழா வந்தது. கோயில் வாசலில் வெல்பெயார் ஐயா நின்றார். பக்கத்தில் முத்துலெட்சுமி, திருவிழாவுக்கென்று நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு. என்னைக் கண்டதும், "பேயக் கோயிலுக்கே கூட்டியாந்துட்டா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

கௌரி என் கையை உதறினாள். நேரே அவள் முன்னால் போய் நின்றாள். அண்ணாந்து அவள் நெற்றியைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

"வணக்கம். நான் கௌரி. ஒங்க பேரு என்ன?"

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். முத்துலெட்சுமி வாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. பிள்ளை விடவில்லை. அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இதையா பேய்னு சொன்ன?" என்று வெல்பெயார் ஐயா கேட்டார். "நாளையிலேர்ந்து புள்ளைக்காம்பராவுக்கு வரட்டும். கட்டிவச்சேன்னு காதுல விழுந்தா ஒனக்கு வேல இல்ல."

அம்மன் கொடுத்தாள், கேட்டது கேட்டபடி கொடுத்தாள்! நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் தலை குனிந்து நின்றதை ஆசை தீரப் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியதும்தான் யோசித்தேன். மனுஷருக்கு என் பிள்ளை சொன்ன முதல் வணக்கம் இவளுக்கா? ஏன் எனக்கில்லை? அவள் நெற்றியை மறுபடி பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. பிள்ளை தேடியது சிவப்பு லைட்டை. என் நெற்றியில் அது எங்கே இருக்கிறது? அழித்தவள் முன்னாலேயே நிற்கிறாள்.

விடுவிடென்று உள்ளே போனேன். பூசாரி தட்டை இழுத்துக்கொண்டு, "ஏம்மா, நீ..." என்றார்.

"அம்மன் தாறது சாமி, நீங்க ஏன் தடுக்கிறீங்க?" என்றேன். குங்குமத்தை அள்ளி அவளுடையதைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டேன். பின்னால் பொம்பளைகள் "அடி ஆத்தீ!" என்றார்கள். முத்துலெட்சுமி வாயில் கைவைத்தாள். வைக்கட்டும் என்றுதான் அவளைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

கௌரி முன்னால் குந்தினேன். என் நெற்றியைப் பார்த்தாள். கை மெல்ல மேலே வந்தது.

"வணக்கம். நான் கௌரி. ஒங்க பேரு என்ன?"

"அம்மா," என்றேன்.

"சந்தோசம்" என்றாள்.

இன்றைக்கும் பொட்டு வைக்கிறேன். ஊர் பேசுகிறது, பேசட்டும். முத்துலெட்சுமியை நான் மன்னிக்கவில்லை. தினமும் காலையில் என் பிள்ளை அவளுக்கு வணக்கம் சொல்கிறாள், அவளும் பேரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லி முடிக்கும்வரை நானும் நின்று கேட்டுவிட்டுத்தான் மலையேறுகிறேன்.

உங்களுக்கும் ஒரு முத்துலெட்சுமி இருப்பாள். நல்ல மனசு வரட்டும், பிறகு போகலாம் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஆத்திரத்தோடேயே அம்மனிடம் போங்கள். நான் அப்படித்தான் போனேன், என் பிள்ளை என்னிடம் பேசிவிட்டாள்.