அரிக்கமேட்டில் சாமிக்கண்ணு சொன்னது

செந்துறை பஸ்ஸில் வந்திறங்கிய பழைய மாணவி ஒருத்தி வகுப்பு வாசலில் நின்றே சொன்னாள். "டீச்சர், நம்ம அட்டெண்டர் சாமிக்கண்ணு அண்ணன் முந்தாநாள் தவறிட்டாரு. அடக்கமும் ஆயிடுச்சு." அவளை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அரியலூரில் நம் பெண்கள் பள்ளியில் நெடுங்காலம் மணியடித்தவர். புகழ்ந்தால் நெளிவார். "மணி அடிக்கிறவன் நல்லவனா கெட்டவனான்னு கடைசி பீரியடு புள்ளைங்களத்தான் கேக்கணும்" என்பார்.

ஒருமுறை வரலாற்று மாணவிகளைப் புதுச்சேரிக்கு ஒருநாள் சுற்றுலா அழைத்துச் சென்றேன். ரோமானியர்களோடு வணிகம் நடந்த அரிக்கமேட்டைக் காட்டுவதாகப் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அங்கே சில செங்கல் சுவர்களும் ஆற்றங்கரைத் தோப்பும்தான் இருந்தன. "இதுக்காடி விடியறதுக்கு முன்ன எழுந்தோம்?" என்று முணுமுணுத்தார்கள். எனக்கும் எரிச்சல்.

அப்போது சாமிக்கண்ணு கரைச் சரிவிலிருந்து ஒரு சுட்டமண் கூம்பை எடுத்து வந்தார்.

"டீச்சர், இது சாடியோட அடிங்க. உள்ள வெரல் ஓடுன கோடு தெரியுது பாருங்க."

"அடி கூரா இருந்தா சாடி எப்படி உக்காரும், சாமிக்கண்ணு?"

"உக்கார வேணாங்க. கப்பல்ல ஒண்ணோட ஒண்ணு சாச்சு வெச்சிருப்பாங்க. கரையில மணல்ல சொருவிடலாம்."

"பிரெஞ்சுக்காரன் வீட்டுக் கூரைக் கும்பம் அது. போடுங்க கீழ" என்றேன்.

"அண்ணன் ரோமாபுரிக்கே போயிட்டு வந்திருக்காரு டீச்சர்!" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை. அவர் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

அன்று பிற்பகல் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அதே போன்ற கூம்பைப் பார்த்தேன். பக்கத்தில் முழுச் சாடியின் படம். கப்பலில் மது கொண்டுவந்த ரோமானியச் சாடி என்று குறிப்பு. மாணவிகள் வேறு அறையில் இருந்தார்கள். சாமிக்கண்ணு வெளியே எங்கள் சாப்பாட்டுத் தூக்குகளுக்குக் காவல்.

"உள்ள என்னங்க டீச்சர் இருந்துச்சு?" என்று கேட்டார்.

"பழைய பானைங்கதான்."

"அப்ப நாம வெளிய பாத்ததுதான்" என்றார்.

பட்டம் பெற்ற ஒருவர் அதைக் காட்டியிருந்தால் கையில் வாங்கியாவது பார்த்திருப்பேன்.

ஓய்வுபெற்ற நாளில் அவரே மேடையில் அதைச் சொல்லிச் சிரித்தார். "கூரைக் கும்பத்தப் போயி கப்பல்ல ஏத்துனவன் நானு. டீச்சர் தடுக்கலேன்னா பஸ்ஸுலயும் ஏத்தியிருப்பேன்." கூடம் அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பக்கத்திலிருந்த ஆசிரியைகளை நினைத்து உட்கார்ந்தே இருந்தேன்.

அவரிடமிருந்து பெற்றதாக என்னிடம் இருப்பது, கூரான அடியுள்ள சாடி எப்படி நிற்கும் என்பதற்கு அவர் சொன்ன விடை ஒன்றுதான். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்தேன், யார் சொன்னது என்று சொல்லாமல். அன்று சிரித்தவர்களே, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அது சாடியின் அடிதான். அவரிடம் நான் சொல்லவில்லை.