ஆட்டத்துக்கு முதுகு காட்டியவர்

கஸ்மூரி வேலிக் கம்பியில் ஏறி, கால்பந்து ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஒலிபெருக்கியை வாயில் வைக்கிறார். தெகால் நகரத்து வடக்குக் காலரியில் பதினேழு வருடமாக இதே இடம், இதே நிலை. அவர் பாட்டெடுத்துக் கொடுக்க, நாலாயிரம் பேர் திருப்பிப் பாடுவார்கள். இத்தனை வருடத்தில் ஒரு கோலைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

"அண்ணே, ஸ்கோர் என்ன தெரியுமா?" என்று கீழேயிருந்து சீண்டுவார்கள்.

"உன் மூஞ்சியே சொல்லுதேடா, ரெண்டு கோல் வாங்கிட்டோம்னு. வாயை மூடாம கத்து."

மற்ற நாளில் பைக் சீட்டுக்கு உறை தைக்கிற தொழில். தன் கல்யாணத்திலும் மணப்பெண்ணுக்கு முதுகு காட்டி, வந்த கூட்டத்தைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. பாதி நிஜமாகத்தான் இருக்கும்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் முரசு நின்றுவிடும். இறந்துபோன ரசிகர்களின் பெயரை அவர் ஒவ்வொன்றாகக் கூப்பிட, காலரி ஒரே குரலில் "ஆஜர்" என்று சொல்லும். கூட்டத்துக்கு அது மரியாதை. கஸ்மூரியின் காதில் மட்டும் அந்தச் செத்தவரின் குரலும் விழும். பட்டியலில் உள்ள, முன்பல் போன வஸ்னோவின் காற்றடிக்கும் "ஆஜர்", உயிரோடிருந்தபோது அவர் வழக்கமாக நின்ற தூணருகிலிருந்து வரும். அங்கே யாரும் நிற்பதில்லை.

"பயம் என்ன? டிக்கெட் எடுக்காம வர்றாங்க, அவ்வளவுதான்" என்பார். சொல்லும்போதே கைமயிர் சிலிர்த்து நிற்கும்.

அவர் தம்பி தர்ஜுகி அந்தப் பட்டியலில் இல்லை. மூன்று வருடம் முன்பு அயல்நாட்டு மீன்பிடிக் கப்பலில் போனவன். போனும் வரவில்லை, பிணமும் வரவில்லை. காலரியில் எப்போதும் எல்லோரும் கத்தி முடித்த பிறகு கத்துகிறவன். "கூட்டத்தோட சேர்ந்து கத்த வராதாடா உனக்கு?" என்று அவனை எத்தனை தடவை திட்டியிருப்பார்.

போன ஞாயிறு ஆட்டத்துக்குக் கிளம்பும்போது தம்பி மனைவி வாரினி கடை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்கு அவரையும் கூப்பிடுங்க அத்தான்."

"என்னம்மா பேசுற? அது செத்தவங்களுக்கு."

"பதில் வந்தா அழுது முடிச்சுடறேன். வரலைன்னா இன்னும் காத்திருக்கேன். இப்படி ரெண்டுங்கெட்டானா இருக்க முடியல. உங்க காதுக்குத்தானே கேக்கும்?"

கஸ்மூரி ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

முரசு நின்றது. பதினோரு பெயர், பதினோரு ஆஜர். மூன்றாவது வரிசையில் வாரினி, கணவனின் பழைய கழுத்துத் துணியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

"தர்ஜுகி" என்று கூப்பிட்டார்.

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு நாலாயிரம் குரலும் "ஆஜர்" என்று ஒன்றாக எழுந்து ஒன்றாக அடங்கின. எல்லோருக்கும் பின்னால் வரும் அந்த ஒற்றைக் குரலுக்காகக் கஸ்மூரி காத்திருந்தார். வாரினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்ளலாம் என்று அவளுக்குச் சொன்னவரே அவர்தான்.

கஸ்மூரி ஒலிபெருக்கியை இறக்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பதினேழு வருடத்தில் முதல் தடவையாக, தன் முகம் அவளுக்குத் தெரியாதபடி, மெல்ல ஆடுகளத்தின் பக்கம் திரும்பி நின்றார்.