சுருதிப்பெட்டி அத்தை

எங்கள் சபை ஓர் இரும்புக்கடையின் மாடியில் கூடுகிறது. படியேறும்போது ஒரு பக்கம் பிளாஸ்டிக் குழாய்களும் மறு பக்கம் பெயின்ட் டப்பாக்களும் அடுக்கியிருக்கும். மேலே நீளமான ஒரு கூடம், மடக்கு நாற்காலிகள், பிரசங்க மேடை, மூலையில் துணி போர்த்திய ஒரு கீபோர்டு. அதை வாசித்தவர் வேலை மாற்றலாகிப் போன பிறகு அந்தத் துணியை யாரும் விலக்கவில்லை. தேவையும் வரவில்லை. எங்களுக்கு அத்தை இருந்தாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. துணி திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறாள். புதிதாக எதுவும் தைப்பதில்லை. நீளமான பேண்டைக் குட்டையாக்குவாள், இறுகிப்போன சட்டையைப் பிரித்துவிடுவாள், பல் போன ஜிப்பை மாற்றுவாள். "ஊர்ல எல்லாரும் ஒண்ணு குண்டாகறாங்க, இல்ல இளைக்கிறாங்க. ரெண்டுலயும் நமக்கு வேலை" என்பாள். மாமா இறந்து பல வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. நான் ஆபீஸ் முடிந்து வரும் வழியில் கடைக்குப் போய் அவளோடு டீ குடிப்பது வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேறு ஆள். பாஸ்டர் பாட்டின் எண்ணைச் சொன்னதும், முன்வரிசை ஓரத்தில் இருக்கும் அத்தை கழுத்தெலும்பில் கையை வைத்து, உதட்டைத் திறக்காமல் ஒரு கணம் முனகிப் பார்ப்பாள். பிறகு முதல் வரியை எடுப்பாள். ஆண்களுக்குத் தொண்டை அடைக்காமல், பெண்களுக்குக் குரல் கிறீச்சிடாமல், சபை மொத்தமும் ஏறி உட்காரக்கூடிய இடத்தில் சுருதி நிற்கும். பெண்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சுருதிப்பெட்டி. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் கோபித்துக்கொள்வது போல முகத்தை வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் எவ்வளவு பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கென்று உலகத்தில் இருந்த இடம் அந்த நாற்காலி ஒன்றுதான்.

அந்த நாற்காலியின் மேல் டீச்சரம்மாவுக்கு ஒரு கண்.

டீச்சரம்மா ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவர். வெண்கலக் குரல். அவர் ஜெபித்தால் கீழே இரும்புக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிடுவார். ஒருமுறை அத்தைக்குக் காய்ச்சல் வந்தபோது டீச்சரம்மா பாட்டெடுத்தார். இரண்டாவது வரியில் ஆண்கள் கைவிட்டார்கள். மூன்றாவது வரியில் பாஸ்டரம்மாவுக்கு இருமல் வந்தது. கடைசிவரை டீச்சரம்மா மட்டும் பாடி முடித்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, மற்றவர்களும் அவர் எதிரில் பேசவில்லை.

அத்தையிடம் குற்றம் கண்டுபிடிக்க அவருக்குக் கிடைத்தது உச்சரிப்புதான்.

"சிஸ்டர், அது வாழ்வு. நீங்க வால்வுன்னு பாடறீங்க. வால்வு கீழ இரும்புக்கடையில இருக்கு, வேணும்னா போகும்போது வாங்கிக்கலாம். நாம பாடறது வாழ்வு. நாக்கை மடிங்க."

"நாக்கை மடிச்சா பாட்டு எப்படி வெளிய வரும் டீச்சர்? என் நாக்கு என்ன பேண்டா, மடிச்சுத் தைக்க?"

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். டீச்சரம்மா சிரிக்கமாட்டார். இப்படி வாராவாரம் ஏதாவது நடக்கும். பிறகு திடீரென்று ஒருநாள் அவர் திருத்துவதை நிறுத்திவிட்டார். அத்தைக்கு அது திருத்துவதைவிட அதிகமாகச் சுட்டது.

"பாத்தியா பாப்பா, திட்டக்கூட லாயக்கில்லாதவளா ஆயிட்டேன் அவங்களுக்கு" என்றாள் என்னிடம்.

உண்மையில் அத்தையின் 'ழ' முன்பெல்லாம் சரியாகவே இருந்தது. அது தேயத் தொடங்கியதற்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அத்தைக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

சின்ன வயதில் அவள் வேலை பார்த்தது துணி ஃபேக்டரியில். வரிசை வரிசையாக மிஷின்கள், பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. "அங்கயே கொஞ்சம் கொஞ்சமா காதை விட்டுட்டு வந்திருக்கேன்" என்பாள். கடையில் மிஷினின் தலைமேல் இடது கையை வைத்துக்கொண்டே தைப்பாள். தையல் விட்டால் கைக்குத் தெரிந்துவிடும். வாடிக்கையாளர்களின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். டாக்டர் சொல்லி ஒரு காது மிஷினும் வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு ஞாயிறு வந்தாள், முக்காட்டுக்குள் மறைத்து. "பாட்டுக்குள்ள யாரோ தகர டப்பாவை உருட்டற மாதிரி இருக்கு" என்று கழற்றிப் பட்டன் டப்பாவில் போட்டுவிட்டாள்.

"சபையில சொல்லிடலாமே அத்தை" என்றேன்.

"சொன்னா? செவிடியைப் போய் பாட்டெடுக்கச் சொல்வாங்களா? பாவம்னு சொல்லி நல்ல காத்தோட்டமா ஒரு நாற்காலியில உக்கார வைப்பாங்க. நான் அங்க உக்காந்து என்ன பண்ணட்டும்? எனக்குப் பாட்டு காதுல இல்ல பாப்பா, இங்க இருக்கு." கழுத்தெலும்பைத் தொட்டுக் காட்டினாள். "எண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். பாஸ்டர் வாயைப் பாத்தா அது தெரிஞ்சிடும்."

அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, சபைக்குப் புது மைக் வரும்வரை.

பாஸ்டருக்கு அந்த மைக்கின் மேல் ஒரே பிரியம். அதை விழுங்கிவிடுவார் போல உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வார். அத்தைக்கு அவர் கண்ணும் நெற்றியும்தான் தெரியும். முதல் சில வாரங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் புத்தகம் புரட்டுவதை ஓரக்கண்ணால் பார்த்துச் சமாளித்தாள். வீட்டுக்கு வந்ததும் களைத்துப்போய்ப் படுத்துவிடுவாள்.

பாஸ்டரம்மாவின் முதல் பேரனைச் சபையில் ஒப்புக்கொடுத்து ஜெபிக்கிற ஞாயிறு வந்தது. கூடம் நிறைந்துவிட்டது. குழந்தை பாஸ்டரம்மாவின் தோளில் வீறிட்டுக்கொண்டிருந்தது. பாஸ்டர் மைக்குக்குள் சொன்னார்: "பாட்டு எண் இருபத்தேழு."

எங்கள் பாட்டுப் புத்தகத்தைத் தொகுத்தவர் அவசரக்காரர் போலிருக்கிறது. பிள்ளைகளுக்கான பாட்டுகள் இருபத்தேழோடு முடிகின்றன. இருபத்தெட்டிலிருந்து அடக்க ஆராதனைக்கான சாவுப் பாட்டுகள்.

அத்தை கழுத்தெலும்பில் கை வைத்தாள், முனகினாள், அருமையான சுருதியில் இருபத்தெட்டை எடுத்தாள்:

"உறங்கிடு உறங்கிடு, உன் வேலை முடிந்தது..."

பாதிச் சபை இருபத்தேழாம் பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தது. மீதிப் பாதி, அத்தை எடுத்தால் கூடப் பாடுவது என்ற பழக்கத்தில் பாடவே ஆரம்பித்துவிட்டது. பாஸ்டரம்மாவின் முகம் வெளுத்தது. முதல் சரணம் பரவாயில்லை, இரண்டாவதில் கல்லறை வரும். மூன்றாவதில் மண் விழும். அத்தை கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

டீச்சரம்மா எழுந்தார். 'போச்சு, இதற்குத்தானே இத்தனை வருடம் காத்திருந்தார்' என்று நினைத்தேன்.

அவர் நேரே அத்தையின் பக்கத்தில் போய் நின்று, வெண்கலக் குரலில் சேர்ந்து பாடினார். சரணம் முடிந்தது. அத்தை அடுத்ததற்கு மூச்சை இழுத்தாள். டீச்சரம்மா அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் சரணத்தையே மறுபடி எடுத்தார், கூரையைப் பிய்க்கிற சுருதியில். அத்தை கண் திறந்தாள். பாட்டு எப்படியோ முடிந்தது.

"மன்னிக்கணும் பாஸ்டர்" என்றார் டீச்சரம்மா சத்தமாக. "நான்தான் இதைப் பாடச் சொல்லி சிஸ்டர்கிட்ட கேட்டேன். முதல் சரணம் தாலாட்டு மாதிரி இருக்கேன்னு. குழந்தை அழுதுட்டே இருந்துச்சு இல்ல?"

எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். அது வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப இருபத்தேழை மெதுவா பாடுவோம்" என்றார் பாஸ்டர். "முழிச்சிடப் போறான்."

வீட்டுக்கு வந்து நான் புத்தகத்தை விரித்துக் காட்டியபோதுதான் அத்தைக்கு விஷயம் புரிந்தது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "பச்சைப் பிள்ளைக்கு... ஐயோ, பச்சைப் பிள்ளைக்கு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் அத்தையோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது டீச்சரம்மா ஒரு கைப்பையோடு கடைக்கு வந்தார். அத்தை ஜிப்பை இழுத்துப் பார்த்தாள்.

"இது நல்லாத்தானே இருக்கு டீச்சர்?"

"தெரியும்" என்றார் அவர். நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தி, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும், அவருக்கு விஷயம் தெரியும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா கேக்கலை உனக்கு?" என்றார். சபையில் இத்தனை காலம் 'சிஸ்டர், நீங்க' என்று விறைப்பாகப் பேசியவர்.

அத்தை இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கிளாஸ்ல ஒரு பொண்ணு இருந்தா. நல்லா பேசிட்டிருந்தவ, வர வர எழுத்தெல்லாம் கொழகொழன்னு ஆச்சு. நான் நாக்கை மடி, நாக்கை மடின்னு முட்டியில அடிச்சேன். கடைசியில பாத்தா அவளுக்குக் காது போயிட்டிருந்திருக்கு." முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "உன் வால்வைக் கேட்டு ரொம்ப நாள் கிண்டல் பண்ணினேன். ஒருநாள் நீ பாஸ்டர் வாயையே பாத்துட்டு இருந்தியா, அப்ப அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துச்சு. அதோட நிறுத்திட்டேன்."

அத்தை டேப்பைப் பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"இனிமே நான் உன் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார் டீச்சரம்மா. "பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னாடி விரலால எண்ணு காட்டறேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"வேண்டாம் டீச்சர். நேத்து எனக்காகச் சபையில நின்னு பொய் சொன்னீங்க."

"அதைக் கர்த்தர்கிட்ட நான் பேசிக்கறேன். எனக்கும் அவருக்கும் பழைய பழக்கம்."

"வாராவாரம் பேசணுமே" என்றாள் அத்தை.

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம். வட்டமாக உட்கார்ந்து எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொல்லுவோம். வெளியே சொல்ல முடியாத விஷயம் என்றால் கையை மட்டும் உயர்த்தலாம், யாரும் துருவிக் கேட்கக்கூடாது என்பது வழக்கம். ஆனால் கூட்டம் முடிந்து படி இறங்குவதற்குள் அந்தக் கைக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று பெண்களே ஒரு கதை கட்டிவிடுவார்கள்.

அத்தையின் முறை வந்தது. கை பாதி உயர்ந்தது. பிறகு அதை மடியில் இறக்கி வைத்தாள்.

"எனக்குக் காது கேக்கலை" என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக. "கொஞ்ச வருஷமாவே. அன்னைக்குக் குழந்தைக்குப் பாடினது தாலாட்டு இல்ல, எண்ணு தப்பாப் புரிஞ்சு எடுத்தது. டீச்சர் என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னாங்க. பாஸ்டரம்மா, என்னை மன்னிச்சிடுங்க."

பாஸ்டரம்மா அவளையே பார்த்தார்.

"என் பேரனை உசிரோட அடக்கம் பண்ணப் பாத்தீங்களா?" என்றார். அவர் உதடு துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தோம். சிரிப்பு. வட்டம் முழுவதும் அது பற்றிக்கொண்டது. என்ன சொன்னார் என்று நான் அத்தைக்குச் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. அத்தை சிரித்துக்கொண்டே அழுதாள். பாஸ்டரம்மா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

"ஆனா உங்களை இனிமே சிரமப்படுத்தக் கூடாது" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "டீச்சரம்மாவே பாட்டெடுக்கட்டும்."

அத்தைக்கு அது புரிந்துவிட்டது. தலையை ஆட்டினாள். தரையைப் பார்த்தாள். காய்ச்சல் வந்த ஞாயிறை நினைத்தோ என்னவோ, மற்றவர்களும் தரையைத்தான் பார்த்தார்கள்.

இத்தனை வருடம் கண் வைத்திருந்த நாற்காலி கேட்காமலே மடியில் வந்து விழுந்திருந்தது. டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். அத்தையின் முன்னால் போய் அவள் முகத்தை நிமிர்த்தி, தன் வாயைப் பார்க்க வைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் எடுத்தா சபையில யாரும் பாடமாட்டாங்க. எனக்குச் சுருதி நிக்காது. அது எனக்குத் தெரியும். நான் வெளிய சொன்னதில்ல, அவ்வளவுதான்."

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இதுல என்ன ரகசியம் டீச்சர்? இது கீழ இரும்புக்கடைக்காரருக்கே தெரியும்."

அன்றைக்குத்தான் டீச்சரம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு முன்வரிசை ஓரத்தில் இரண்டு நாற்காலிகள் ஒட்டிப் போட்டிருந்தன. பாஸ்டர் மைக்கைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்துப் பார்த்தார், பிறகு மறந்து மறுபடி உதட்டுக்கே கொண்டுபோய்விட்டார். எண்ணைச் சொன்னார். டீச்சரம்மா அத்தையின் உள்ளங்கையை விரித்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டுவது போல விரலால் எழுதினார். ஒளிக்கவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அத்தை மறு கையைக் கழுத்தெலும்பில் வைத்து முனகினாள். எடுத்தாள். சபை ஏறிக்கொண்டது.

அது 'வாழ்வு' வருகிற பாட்டு. அத்தை அந்த இடத்தில் வழக்கம்போல வால்வு என்றே பாடினாள். பாட்டு முடிந்து எல்லோரும் உட்காரும்போது டீச்சரம்மா மறுபடி அவள் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் ஒரே ஓர் எழுத்தை எழுதினார், பெரிதாக, சுழித்து.

அத்தை அதைப் படித்துவிட்டு, ஜெபம் தொடங்கிவிட்டது தெரியாமல், வாய்விட்டுச் சிரித்தாள்.