டோக்கனுக்கு வச்ச ஆப்பு

பட்டன் வரையறது என் பிழைப்பு. அந்தப் பட்டனைத் தவிர மத்த எல்லா இடத்தையும் அமுக்குறது ஜனங்களோட பிழைப்பு.

ஆப்புக்கும் வெப்சைட்டுக்கும் திரை வரைஞ்சே தலைமுடி கொட்டிப்போன சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். தென்காசியில எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு குழந்தை டாக்டரம்மா இருக்காங்க. டோக்கன் வேணும்னா விடியக்காலை அஞ்சு மணிக்கே வாசல்ல நிக்கணும். குற்றாலத்துல சீசன் தொடங்கிட்டா சாரல் எங்க தெரு வரைக்கும் அடிக்கும். போன வருஷம் காய்ச்சலோட என் மகளைத் தூக்கிக்கிட்டு அந்தச் சாரல்ல நாலு மணி நேரம் நின்னேன். உடம்பு அனலா கொதிக்குது, தலை நனைஞ்சு சொட்டுது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. உள்ள போனதும், "வீட்டுல இருந்தே டோக்கன் எடுக்குற மாதிரி நான் ஒரு ஆப்பு செஞ்சு தாரேன்"னு டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். தவளை தன் வாயால் கெடும்.

டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க. அடுத்த சீசன் முடியறதுக்குள்ள வாசல்ல ஒரு பிள்ளைகூட நனையாத நிலைமை வந்துடணும். வரலைன்னா ஆப்பைத் தூக்கிட்டு, பழையபடி நோட்டுதான். அந்த நோட்டை வச்சு டோக்கன் கொடுக்குறவங்க இசக்கியம்மா அக்கா. அவங்க என்னை மேலேயும் கீழேயும் ஒரு பார்வை பார்த்தாங்க.

நோயாளி யாரு?

முதல் திரையில ஒரே ஒரு கட்டம்தான். 'நோயாளியின் பெயர்'. இதைவிட எளிமையா யாரால வரைய முடியும்? ஆனா பாதிப் பேர் அந்தக் கட்டத்தோட நின்னுட்டு, நேரா வாசலுக்கு வந்து நிக்காங்க.

மீதிப் பேர்ல ஒரு டோக்கன் வந்தது: சண்முகத்தாய், வயசு நாலு. இசக்கியம்மா அக்கா உரக்கக் கூப்பிட்டாங்க. ஒரு ஆம்பளப் பிள்ளை எழுந்து வருது! நான் பதறிப்போய் அவன் அம்மாகிட்ட கேட்டேன். அந்தப் பொண்ணு கொஞ்சமும் அசரலை. "ரெண்டு நாள் காய்ச்சலுக்கு எம் பிள்ளைய நோயாளிங்கியளே, வாய் கூசல? அதான் எங்க மாமியா பேரைப் போட்டேன்."

மூணு கோடு

'நோயாளி'யை அழிச்சு 'பிள்ளை பேரு'ன்னு மாத்தினேன். டோக்கன் எடுக்க ஆரம்பிச்சாங்க. ஆனா வர முடியாதவங்க ஒருத்தர்கூட ரத்து செய்யலை. "யாராவது வராமலா போயிருவாவ?"ன்னு டோக்கன் கிடைக்காத கூட்டம் பிள்ளைகளோட வாசல்லயே நின்னது.

ரத்து செய்யுற இடம் மேல மூலையில இருக்கு, படுக்கையா மூணு கோடு. உலகம் பூராவும் அதை அமுக்கினா பட்டியல் விரியும். பேரனோட வந்த ரிட்டயர்டு போலீஸ்காரர் ஒருத்தர்கிட்ட, "ஏன் பெரியப்பா அதை அமுக்கலை?"ன்னு கேட்டேன். அவருக்கு என் மேலதான் கோபம் வந்தது. "மேல திருநீத்துப் பட்டை போட்டுல்லா ஆரம்பிச்சிருக்க? நான் கும்பிட்டுட்டு கீழ வந்துட்டேன். அதைப் போயி அமுக்கச் சொல்லுதியே, வெளங்குமா?"

வெளியேறு

பட்டையை எடுத்துட்டு 'வர முடியலை'ன்னு பெரிய பட்டன் வச்சேன். அடுத்த வாரம் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருத்தர், கையில டோக்கனை வச்சுக்கிட்டே, காலையில அஞ்சு மணிக்கு மகளைக் கூட்டிட்டு வந்து நிக்காரு. டோக்கனுக்குக் கீழ, 'லாக் அவுட்'டுக்குத் தமிழ்னு நான் போட்ட ஒரு வார்த்தை அவரைக் குத்திருச்சு. "டோக்கனைத் தந்த கையோட வெளியேறுங்கான். நான் என்ன அவன் நடுவீட்டுலயா போயி உக்காந்திருந்தேன்?"

துபாய்க்குப் போன ஓடிபி

இதுல மட்டும் எனக்குச் சிரிப்பு வரலை. கடையநல்லூர்ல இருந்து ஒரு பொண்ணு, கைக்குழந்தையைத் துப்பட்டாவுக்குள்ள பொத்திக்கிட்டு, முதல் பஸ்ஸுல வந்து நனைஞ்சுக்கிட்டு நின்னா. ஆப்பு இருக்கேம்மான்னு நான் கேட்டதுக்கு, ஓடிபி வரலைன்னு சொன்னா. பழைய நோட்டுல இருந்த போன் நம்பர்களைத்தான் நான் அப்படியே ஆப்புல ஏத்தியிருந்தேன். அந்த நோட்டுல இருந்தது அவ வீட்டுக்காரர் நம்பர். அவர் துபாய்ல கட்டட வேலையில இருக்காரு. ஓடிபி அங்க போயிருது. பாதுகாப்பு பாதுகாப்புன்னு அதுக்கு ரெண்டே நிமிஷம் ஆயுசு வச்சிருந்தேன் நான், பெரிய மேதாவி!

அவ கோபப்படவே இல்லை. நிஜமாவே சந்தேகம் கேக்குற மாதிரிதான் கேட்டா. "அவுக சாப்பிடும்போதுதான் போனை எடுப்பாக. அதுவரைக்கும் காய்ச்சலைப் பொறுத்துக்கிடச் சொல்ல இதுல பட்டன் இருக்கா அக்கா?"

வாசல் காலி

அன்னைக்கே ஓடிபியை ஒழிச்சேன். யார் போன்ல இருந்தும், எந்தப் பிள்ளைக்கும் டோக்கன் எடுக்கலாம்னு ஆக்கினேன். சீசன் முடியற வாரம். காலையில அஞ்சரைக்குக் குடையோட போய்ப் பார்த்தேன். சாரல் விழுது. வாசல்ல ஒரு ஈ காக்கா இல்லை. சத்தியமா சொல்றேன், நடுரோட்டுல நின்னு அழுதேன். ஒன்பது மணிக்கு டாக்டரம்மா வந்தாங்க, வாசலைப் பார்த்தாங்க, "ஆப்பு இருக்கட்டும்"னுட்டு உள்ள போயிட்டாங்க.

நான் பெருமையா அன்னைக்கு வந்த டோக்கன்களைத் திறந்து பார்த்தேன். நாப்பது டோக்கன். நாப்பதும் ஒரே போன்ல இருந்து வந்திருக்கு. நிமிர்ந்து பார்க்கேன், இசக்கியம்மா அக்கா மேசையில உக்காந்து, தோளுக்கும் காதுக்கும் நடுவுல ஒரு போனை இடுக்கிக்கிட்டு, இன்னொரு போன்ல என் ஆப்பை அமுக்கிக்கிட்டு இருக்காங்க. "காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு? பால் குடிக்கானா? சரி, பதினொண்ணுக்கு வா, இப்பமே கிளம்பாத. மழையில கொண்டாராத, கேட்டியா."

ஊர்ல இருக்குற அத்தனை தாய்மாரும் அவங்களுக்குத்தான் போன் போடுதாங்க. "ஏன்க்கா, அவங்களே எடுத்துக்கலாமே?"ன்னேன். அக்கா போனைக் கையால மூடிக்கிட்டு என்னைப் பாவமா பார்த்தாங்க. "நீ கஷ்டப்பட்டு செஞ்சிருக்கட்டி, யாராவது ஒருத்தராவது அமுக்கணும்லா?"

இத்தனை வருஷம் பட்டன் வரைஞ்சும், "பால் குடிக்கானா?"ன்னு திருப்பிக் கேக்குற பட்டனை மட்டும் எனக்கு இன்னும் வரையத் தெரியலை.